பெரிய உயாரக்கின் பிரசவப் பயணம்

பெரிய உயாரக் பிரசவத்துக்காக விமானம் ஏறிய வியாழக்கிழமை, அவரை வழியனுப்ப ஓடுபாதைக்கு முப்பது பேராவது வந்திருந்தோம். அவருக்கு அறுபத்தொரு வயது. மீசை முழுக்க நரைத்துவிட்டது. போவது பிரசவத்துக்கு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பயணச் சீட்டு போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கே தெரியாதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடதுருவப் பக்கம் பனிக்குள் இருக்கிற எங்கள் நுவுலிக்கில் அரசாங்க மருத்துவ நிலையம் ஒன்று உண்டு. நீலத் தகரக் கட்டடம். இரண்டு நர்சுகள் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒருத்திதான் இருப்பாள். டாக்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், அதுவும் காற்று விட்டால். மற்றபடி எலும்புக்கும் கண்ணுக்கும் குழந்தை பெறுவதற்கும் விமானம் ஏறி மூன்று மணி நேரம் தெற்கே நகரத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்தப் பயணங்களுக்குக் காகிதம் போடுவது, நர்ஸ் பேசும் இங்கிலீஷை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்கள் முனகுவதை நர்சுக்கும் மொழிபெயர்ப்பது, இடையில் நேரம் கிடைத்தால் தரை துடைப்பது, இதெல்லாம் என் வேலை. பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். என் பெயர் ஊலுட்டி.

இனுயிட்டுகளான எங்களிடம் ஆண் பெயர், பெண் பெயர் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒருவர் இறந்துபோனால் அவர் பெயரைப் பிறக்கிற குழந்தைகளுக்கு வைப்போம். அது பையனா பெண்ணா என்று பார்ப்பதில்லை. உயாரக் என்று ஒரு மனுஷி ஒரு காலத்தில் இருந்தாளாம். ரொம்ப நல்லவளாம். அவள் பெயரை ஆளாளுக்குக் கேட்டு வாங்கி வைத்ததில், இப்போது ஊரில் இரண்டு உயாரக்குகள் இருக்கிறார்கள். ஒருவர் என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பெரிய உயாரக். இன்னொருத்தி சின்ன உயாரக், இருபத்தாறு வயசுப் பெண். அவள் பெரிய உயாரக்கின் தம்பி மகன் லைமிக்கியைக் கட்டிக்கொண்டதும், குடும்பப் பெயரும் அமருவாலிக் என்று ஒன்றாகிப் போனது. ஒரே பெயர்க்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ‘பாதி’ என்பார்கள். ஒரே பெயரில் ஆளுக்குப் பாதி. அதனால் அந்தப் பெண் தன் புருஷனின் பெரியப்பாவைத் தெருவில் பார்த்தால், “என்ன பாதி, நொண்டி நொண்டி எங்க கிளம்பிட்டீங்க?” என்று சத்தமாகக் கேட்பாள். அவரும், “உன் வயித்தை விட என் முட்டி பெருசா இருக்கு பாதி, வா அளந்து பாக்கலாம்” என்பார்.

முட்டிதான் அவர் பிரச்சினை. வலது முட்டி. இரண்டு வருஷமாக வீங்கிக் கிடந்தது. பனி வண்டியில் ஏறும்போது காலைத் தனியாகக் கையால் தூக்கி வைக்க வேண்டும். நகரத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க இரண்டு வருஷத்துக்கு முன்னால் காகிதம் போட்டேன். பதில் இல்லை. மறுபடி போட்டேன். ‘வரிசையில் உள்ளது’ என்று பதில் வந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாமா வந்து என் மேசை முன்னால் நிற்பார்.

“ஏம்மா ஊலுட்டி, என் முட்டிக்குத் தபால் வந்துச்சா?”

“வரலை மாமா. வரிசையில இருக்கு.”

“அந்த வரிசையில என் முன்னாடி எத்தனை பேர் நிக்கறான்னு கேட்டுச் சொல்லு. முட்டி சரியில்லாதவன் எவனும் இவ்வளவு நேரம் வரிசையில நிக்க முடியாது.”

சின்ன உயாரக்குக்கோ தபால் வரக் கூடாது என்று வேண்டுதல். மூன்றாவது குழந்தை. பிரசவ தேதிக்குப் பல நாள் முன்னாலேயே நகரத்துக்குப் போய், அங்கே நோயாளிகளுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் விடுதியில் தங்கிக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு தடவையும் போனாள். துணைக்கு வருகிறவருக்கு அரசாங்கம் செலவு கொடுக்காது, அதனால் தனியாகத்தான் போனாள். இரண்டாவது தடவை போயிருந்தபோது மூத்தவனுக்கு இங்கே நிமோனியா வந்துவிட்டது. அவள் அங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இந்தத் தடவை நான் போகலை அக்கா” என்று என்னிடம் நாலைந்து தரம் சொன்னாள்.

“போய்த்தான் ஆகணும்டீ. கிளெண்டா விடமாட்டா.”

கிளெண்டா எங்கள் நர்ஸ். கிழக்குக் கடற்கரையில் ஏதோ மீன்பிடித் தீவில் பிறந்தவள், ஆள் கதவு அகலம் இருப்பாள். எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும். தினமும் காலையில் வந்ததும், “அந்தப் பொண்ணோட பயணக் காகிதம் வந்துதா கண்ணு? போன வாரமே வந்திருக்கணும்” என்று கேட்பாள்.

காகிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. பேக்ஸில்தான் வரும். எங்கள் பக்கம் இன்னும் பேக்ஸ்தான். அன்றைக்கு மருத்துவ நிலையத்தில் கூட்டம். தண்ணீர் லாரி வராததால் கழிவறையைப் பூட்டியிருந்தேன், அதற்காக ஒருவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கில் பட்டாணி ஏற்றிக்கொண்ட ஒரு பெண் குழந்தையைக் கூட்டி வந்திருந்தார்கள். மாமா ஒரு நாள் முன்னதாகவே வந்து மேசையில் சாய்ந்து நின்றார். சின்ன உயாரக் பரிசோதனைக்கு வந்து பேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மெஷின் இரைந்தது. ஒரு பக்கம் வந்து விழுந்தது. எட்டிப் பிடித்துப் படித்தேன்: ‘உ. அமருவாலிக். வியாழன் விமானம். வெள்ளி முதல் சோதனை. தங்கும் காலம் நான்கு வாரம்.’

“மாமா!” என்று கத்திவிட்டேன். “வந்துருச்சு!”

மாமாவுக்கு நம்பவே முடியவில்லை. “எத்தனை நாளு?”

“நாலு வாரம்.”

“நாலு வாரமா?” அவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். “கேட்டீங்களா? நாலு வாரம். புது முட்டியே போடப் போறாங்க போல.”

நோயாளியின் அடையாள எண்ணைச் சரிபார்த்த பிறகே பயணத்தை உறுதி செய்ய வேண்டும். இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியதே நான்தான். எண் இரண்டாவது பக்கத்தில் இருக்கும். இரண்டாவது பக்கம் வரவில்லை, மெஷின் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். பட்டாணிக் குழந்தை வீறிட்டு அழுதது. நான் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மாமா சவரம் செய்து, புது பார்க்கா கோட்டு போட்டுக்கொண்டு, உறைந்த மான் கறி ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். சின்ன உயாரக்கும் ஓடுபாதைக்கு வந்திருந்தாள். எல்லோரையும் விட அவள்தான் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பத்திரம் பாதி” என்றாள். என்ன பாசம் பார் என்று நான்கூட நினைத்தேன்.

அடுத்து நகரத்தில் நடந்ததை மாமா அதற்குப் பிறகு பல தரம் சொல்லியிருக்கிறார். போனில் மொழிபெயர்த்த பெண்ணும் என்னிடம் தனியாகச் சொல்லி அழுதிருக்கிறாள், சிரிப்பில். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விடுதியில் அவரைக் கொண்டுபோய் விட்ட தளத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேருக்கும் வயிறு முன்னால் தள்ளியிருந்தது. இங்கே சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள் போல என்று மாமா சந்தோஷப்பட்டார். இரவுக் காவல்காரர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், பெயர் இருந்தது, சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்கள் இவர் யாரோ ஒருத்திக்குத் துணையாக வந்த அப்பா என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தார்கள். இவர் மான் கறியை எடுத்து வெட்டிக் கொடுத்தார். வாரக்கணக்கில் தெற்கத்திச் சாப்பாடே சாப்பிட்டு நொந்து போயிருந்தவர்கள், தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்து, பெட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நேரில் வரும் முன்னால் போனிலேயே விவரம் கேட்பது அங்கே முறை. ஒரு முனையில் ஆஸ்பத்திரி நர்ஸ், நடுவில் மொழிபெயர்ப்பாளர், இந்த முனையில் மாமா. மொழிபெயர்த்தவள் மேற்குக் கரைக்காரி, அவர்கள் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரியும். ஆண் குரல் கேட்டபோது, பெண் கூச்சப்பட்டுப் புருஷனைப் பேசச் சொல்லியிருக்கிறாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

“வலி இருக்கா?”

“இல்லாமலா வந்திருக்கேன்?”

“எப்பெப்ப வருது?”

“படி ஏறினா வருது. குனிஞ்சா வருது. காத்து திசை மாறினாலும் வருது.”

“தண்ணி?”

“தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. பந்து மாதிரி. இன்னும் உடையலை.”

“உள்ளே அசைவு தெரியுதா?”

“நல்லா அசையும். சில நேரம் டொக்குன்னு சத்தமே வரும். பக்கத்துல நிக்கறவங்களுக்கும் கேக்கும்.”

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாளாம். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறாள். “ஒண்ணுதானா?”

“இது வலது. இடது பக்கம் இன்னொண்ணு இருக்கில்ல? அது நல்லா இருக்கு. இதுதான் மோசம்.”

‘இரட்டைக் குழந்தைகள். வலது பக்கக் குழந்தை ஆபத்தில்’ என்று எழுதிவிட்டார்கள். பத்தாவது நிமிஷம் விடுதி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

தூக்குப்படுக்கையை மாமா மறுக்கவில்லை. முட்டிக்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்த ஆறு பெண்களுக்கும் கை காட்டினார். ஓட்டி வந்தவர்கள் இவர் படுக்கையில் இருப்பதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த சீட்டில் பெயர் உயாரக் அமருவாலிக், இவரும் தன் பெயர் உயாரக் அமருவாலிக் என்றார். அதற்கு மேல் கேட்பது தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். பிரசவ வார்டில் கையுறை மாட்டிக்கொண்டு நான்கு பேர் தயாராக நின்றார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தி போர்வையை விலக்கினாள். மாமா கால்சட்டையை முட்டி வரை சுருட்டி, “இதோ, இங்கதான்” என்று காட்டினார்.

அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

“நுவுலிக் மருத்துவ நிலையமா? உயாரக் அமருவாலிக்னு உங்க ஊர்ல ஒருத்தங்க மாசமா இருக்காங்களா?”

“ஆமா டாக்டர். கணக்குப்படி இன்னும் பத்து நாள்தான் இருக்கு.”

“அவங்க இப்ப என் முன்னாடி படுத்திருக்காரு.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், மறுபடி காதில் வைத்தேன். சுவரில் நான் ஒட்டிய விதி எதிரே தெரிந்தது.

கோட்டைக்கூட ஒழுங்காக மாட்டாமல் சின்ன உயாரக்கின் வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வேட்டையில் கிடைத்த கடல்நாய் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் ஈரல் துண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றாள்.

“அடிப்பாவி! உனக்குத் தெரியுமா?”

அவள் எழுந்து போய், குழந்தையை முதுகில் சுமக்கும் கோட்டின் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பேக்ஸின் இரண்டாவது பக்கம். ‘பிரசவப் பிரிவு’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. கீழே அவளுடைய எண்.

“மெஷின்லேர்ந்து நேரா என் மடியில விழுந்துச்சு அக்கா. நீ அதுக்குள்ள மாமான்னு கத்திட்டே. அவர் மூஞ்சியைப் பாத்தியா அன்னிக்கு? எனக்கும் போக வேண்டாம், அவருக்கும் போகணும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. கடவுளாப் பாத்துச் செஞ்சதுன்னு விட்டுட்டேன்.”

“அவரைப் பிரசவ வார்டுல படுக்க வெச்சிருக்காங்கடீ!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. பார்த்தால் பாதி அழுகை.

“வாசல்லேயே கண்டுபிடிச்சு, முட்டிப் பக்கம் அனுப்பிருவாங்கன்னு நினைச்சேன்” என்றாள். “நிஜமா.”

கிளெண்டாவிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்து வெளுத்து மறுபடி சிவந்தது. “அந்தப் பொண்ணைக் கூப்பிடு கண்ணு. மதியம் வர்ற விமானத்துல நானே தூக்கி ஏத்தறேன்.”

மதியம் விமானம் வரவில்லை. வடமேற்கிலிருந்து காற்று ஆரம்பித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எதிர்வீடு தெரியவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு வலி கண்டது. டீ ஆறுவதற்குள் லைமிக்கி அவளைப் பனி வண்டியின் பின்னால் பெட்டியில் உட்கார வைத்து, ஊர்ந்து ஊர்ந்து, மருத்துவ நிலையத்துக்குக் கூட்டி வந்துவிட்டான்.

கிளெண்டா முன்பு வேறு ஊர்களில் நாற்பது பிரசவம் பார்த்தவள்தான். ஆனால் கடைசியாகப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டியதை நான் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்தேன். நகரத்து டாக்டரம்மாவைக் கணினித் திரையில் பிடித்தோம், அதே இளம் டாக்டரம்மா. “கவலைப்படாதீங்க, நான் கூடவே இரு—” என்று சொல்லும்போது தொடர்பு உறைந்துவிட்டது. வாய் திறந்தபடியே அவள் முகம் திரையில் நின்றது. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றதால் சின்ன உயாரக், “அவங்க என்னைப் பாத்துப் பயந்த மாதிரியே இருக்கு, மூடுங்க” என்றாள். கிளெண்டா ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போட்டாள்.

“படுக்கச் சொல்லு கண்ணு.”

“கிளெண்டா உன்னைப் படுக்கச் சொல்றா.”

“நடந்தா நல்லா இருக்கு. வேணும்னா அவளைப் படுக்கச் சொல்லு, ரொம்பக் களைச்சுத் தெரியறா.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? “அவள் உங்களுக்கு நன்றி சொல்கிறாள்” என்றேன்.

லைமிக்கிக்கு உள்ளே நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் மனசில்லை. கதவைப் பனி மூடாமல் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மண்வாரியை எடுத்தான். ஒவ்வொரு தடவை உள்ளே சத்தம் கேட்கும்போதும் வெளியே இன்னும் வேகமாக வாரினான். காற்று அடங்கிய பிறகு பார்த்தபோது, எங்கள் வாசலிலிருந்து கூட்டுறவுக் கடை வரைக்கும் ஒரு பாதை கிடந்தது. யாரும் கேட்காத பாதை.

பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நானூறு. உடனே அழுதது, அதன்பின் கிளெண்டா அழுதாள். “இனிமே இப்படிச் செஞ்சே, கொன்னுடுவேன் கண்ணு” என்று சின்ன உயாரக்கின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதே புயல் மாமாவை நகரத்தில் பிடித்து வைத்திருந்தது. தவறான நோயாளியை உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு, அனுப்ப விமானம் இல்லை. இருக்கிற ஆளைச் சும்மா வைத்திருப்பானேன் என்று டாக்டரம்மா அவர் முட்டியைப் படம் எடுக்கச் சொன்னாள். எலும்பு டாக்டர் அந்த வாரம் அங்கே வந்திருந்தார், இரண்டு மாடி மேலே. அவர் இறங்கி வந்து கால் மணி நேரத்தில் ஊசி போட்டு ஒரு கிண்ணம் தண்ணீரை எடுத்தார். ஒரு பட்டை மாட்டிவிட்டார். இரண்டு வருஷமாகக் காகிதத்தில் நகராத வரிசை, ஆள் நேரில் வழியில் கிடந்ததும் நகர்ந்துவிட்டது.

ஆனால் அதற்குள் விஷயம் ஊருக்கு எட்டிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். விடுதியில் இருந்த ஆறு பேரில் ஒருத்தி பக்கத்து ஊர்க்காரி, அவள் எங்கள் ஊர் வானொலிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மதிய நேரத்தில் ஊரே கேட்கும் நிகழ்ச்சி அது, யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசலாம். திங்கள் முழுக்க வேறு பேச்சே இல்லை.

“பெரிய உயாரக்குக்கு வாழ்த்து. ஆணா, பொண்ணா?”

“குழந்தை யார் ஜாடை? மீசை இருக்கா?”

“தாய்ப்பால் நல்லா ஊறணும்னா மீன் சூப் குடிக்கச் சொல்லுங்க.”

புதன்கிழமை விமானம் வந்தது. மாமா யார் துணையும் இல்லாமல் படியிறங்கினார், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. கூட்டத்தில் யாரோ கையைத் தட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான். நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்த எனக்கு, அன்று சிரிப்பு வரவில்லை. கரடி வேட்டைக்குப் போகிறவர்கள் வழி கேட்டு வருவது அவரிடம்தான். அவரைப் பார்த்து ஒரு ஊரே வாய்விட்டுச் சிரிக்க நானும் சின்ன உயாரக்கும்தான் காரணம்.

மறுநாள் குழந்தையை எடை பார்க்க நான் சின்ன உயாரக்கின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் வந்தார். கதவைத் தட்டினார். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வருவோம். தட்டினால் போலீஸ் அல்லது கோபம்.

“உள்ள வாங்க பாதி” என்றாள் அவள்.

அவர் உட்காரவில்லை. “என்னை ஏமாத்திட்டே.”

“ஆமா.”

“தெரிஞ்சே அனுப்புனே.”

“தெரிஞ்சேதான் அனுப்புனேன். தப்புதான் பாதி.”

அவள் மறுத்திருந்தால் அவர் கத்தியிருப்பார், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அவளோ ஒத்துக்கொண்டுவிட்டாள். புது முட்டிப் பட்டையைக் கொஞ்சம் தடவினார். அப்புறம் உட்கார்ந்தார்.

“அந்த விடுதியில மாடிப்படிக்குக் கீழ ஒரு போன் இருக்கு” என்றார்.

“இருக்கு. மஞ்சள் நாற்காலி போட்டிருக்கும்.”

“மதியம் ஆனா அந்தப் பொண்ணுங்க வரிசையில நிப்பாங்க. ஒருத்தி புள்ளைகிட்டப் பேசுவா. மத்தவங்க கேக்காத மாதிரி சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தியோட பொண்ணு அந்தப் பக்கம் பேச மாட்டேங்குது, கோவம். இவ அரை மணி நேரம் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு நின்னா.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “நீ ரெண்டு தரம் அங்க இருந்தியா?”

“ரெண்டு தரம்.”

“எத்தனை நாளு?”

“முதல்ல முப்பத்தொண்ணு. அப்புறம் முப்பத்தாறு.”

அவர் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார். குழந்தை தும்மியது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?” என்றார் கடைசியில். “சொல்லியிருந்தா தெரிஞ்சே போயிருப்பேனே. மீசையை எடுத்துட்டே போயிருப்பேன்.”

சின்ன உயாரக் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, டீ போடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள். நானும் எடைக் கருவியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அன்று மதியம் வானொலிக்கு அவரே போன் போட்டார். “நான் உயாரக் பேசறேன். எல்லாம் சுகம். தூங்கத்தான் விடமாட்டேங்குது” என்றார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கேலி செய்யவில்லை, கேலி செய்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எண்ணைச் சரிபார்க்காதது என் தவறு என்று எழுதினேன். இரண்டாவது பக்கத்தை எடுத்தது தன் தவறு என்று சின்ன உயாரக் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதில் தவறே இல்லை, முட்டி நன்றாக இருக்கிறது என்று மாமா எங்கள் எழுத்தில் எழுதி ஒட்டினார். எச்சரிக்கை ஒன்றோடு என்னை விட்டார்கள்.

ஜூனில் பனி உருகும்போது அதிகாரிகள் மூன்று பேர் ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வருஷா வருஷம் போடுவதுதான். சேவைகளைப் பற்றி மக்கள் கருத்து கேட்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். பிரசவப் பயணம் பற்றி யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, மாமா எழுந்தார்.

அதிகாரி பணிவாகத்தான் சொன்னார். “ஐயா, இது தாய்மார்களுக்கான நேரம்.”

நான் மொழிபெயர்த்தேன். மாமா நிமிர்ந்தார்.

“அந்த விடுதியில ஆறு நாள் தங்கினேன். அந்த வார்டுல படுத்திருந்தேன். எனக்கு ரெட்டைன்னு எழுதியிருக்காங்க, வேணும்னா காகிதத்தைப் பாக்கச் சொல்லு. இங்க இருக்கற மூணு பேர்ல யார் படுத்திருக்கீங்க?”

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த போனைப் பற்றிச் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் முடித்த பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து பேசினார்கள். கிளெண்டாவும் பேசினாள், இங்கேயே ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று. பிஸ்கட் தீர்ந்தும், அதிகாரிகளின் விமானம் காத்துக்கொண்டிருந்தும், பேச்சு நிற்கவில்லை.

மருத்துவச்சி இன்னும் வரவில்லை. அதற்கும் ஒரு வரிசை இருக்கிறதாம். ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரு காகிதம் வந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண்கள் துணைக்குப் புருஷனைக் கூட்டிப் போகலாம், முழுச் செலவும் அரசாங்கத்துடையது. ஊரே கொண்டாடியது. அதன்படி முதலில் போனவள் கடைக்காரர் மகள் கீலா. ஐந்து வாரம் புருஷனோடு விடுதியில் ஒரே அறையில் இருந்துவிட்டு, ஆண் குழந்தையோடு திரும்பி வந்தாள். மறுநாளே என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, அடுத்த தரத்துக்கு இப்பவே எழுதி வெச்சுடு” என்றாள். “என்னைத் தனியா அனுப்பு.”